மோதிரம் செய்யப் பாலிக்குப் போகணுமா?

ஊர் சுற்றப் போகிறவர்கள் மத்தியில் ஒரு பழக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தோனேசியாவின் பாலித் தீவில் உபுத் என்று ஓர் ஊர். அங்கே கோயில் பார்த்து, வயல் பார்த்து, குரங்குக்குப் பயந்து ஓடி எல்லாம் முடிந்த பிறகு, ஒரு வெள்ளிப் பட்டறையில் அரை நாள் உட்கார்ந்து, தன் கையாலேயே ஒரு மோதிரம் செய்து விரலில் மாட்டிக்கொண்டு வரலாம். ஜோக்ஜகர்த்தா பக்கத்தில் கோத்தகெடே, தாய்லாந்தில் சியாங் மாய், இந்தியாவில் ஜெய்ப்பூர் என்று இந்த அரை நாள் வகுப்புகள் பல ஊர்களில் நடக்கின்றன. திரும்பி வந்ததும் முதல் வேலை, படத்தைப் போடுவது. "நானே செய்தது!"

இதைப் பார்த்து இரண்டு கோஷ்டிகள் சண்டை போடுகின்றன. முதல் கோஷ்டி, "காசைக் கொடுத்துக் கூலி வேலை பார்க்கிறான், கிறுக்குப் பய" என்று சிரிக்கிறது. இரண்டாவது கோஷ்டி, "ஆஹா, என்ன ஓர் அனுபவம்!" என்று உருகுகிறது. ரெண்டுமே தப்பு. அரை நாள் பட்டறையில் உட்காருவது நல்ல காரியம்தான். தப்பு, அதற்காகக் கடல் தாண்டிப் போவதும் பக்கத்து ஊர்ப் பட்டறையைக் கண்டுகொள்ளாததும்தான்.

திசையன்விளையில் இருந்து வள்ளியூர் போய், அங்கே நாகர்கோவில் பஸ் பிடித்தால் வடசேரி வந்துவிடும். மிஞ்சிப் போனால் ஒரு காலைப் பொழுது. பரதநாட்டிய மேடைகளில் தலைசாமான், நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம் என்று சிவப்பும் பச்சையுமாக மின்னுகிறதே, அந்தக் கோயில் நகை செய்யும் ஊர். நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. வெள்ளியில் கூடு கட்டி, உள்ளே அரக்கு நிரப்பி, கெம்புக்கல் பதித்து, கல்லைச் சுற்றித் தங்கத் தகட்டை அழுத்தி ஒட்டுகிறார்கள். உலகம் முழுக்கச் சலங்கை கட்டும் பிள்ளைகளுக்கு இந்த நகை தெரியும். தெற்கு மாவட்டத்துக்காரர்களில் எத்தனை பேர் அந்தப் பட்டறை வாசலை மிதித்திருக்கிறார்கள்?

வடசேரியை விடுங்கள். பாம்படம் தெரியும்தானே? திசையன்விளை, உடன்குடி, சாத்தான்குளம் பக்கத்துப் பாட்டிகளின் காதில் தோளைத் தொடுகிற மாதிரி தொங்கிய அந்தக் கனத்த நகை. பார்க்கக் கட்டித் தங்கம் மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே அரக்குதான். மெல்லிய தங்கத் தகட்டை உருண்டையாகவும் சதுரமாகவும் முக்கோணமாகவும் மடித்து, மூலை முறியாமல் பொடி வைத்து ஊதி ஒட்டுவது சாதாரண வேலை இல்லை. பொடி வைத்துப் பேசுவதில் எல்லாரும் கெட்டிக்காரர்கள், பொடி வைத்து ஊதத் தெரிந்த கைகளைத்தான் இன்றைக்குத் தேட வேண்டியிருக்கிறது. பாட்டி போனதும் பாம்படம் கடைக்குப் போகிறது, உருகுகிறது, செயினாகத் திரும்பி வருகிறது. அதைச் செய்த ஆசாரி யார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. கேட்டதும் இல்லை.

இந்தக் கேட்காத பழக்கத்துக்கு வயசு அதிகம். தாமிரபரணிக் கரை ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை தோண்டியபோது, மெல்லிய தங்கத் தகட்டில் செய்த நெற்றிப்பட்டங்கள் கிடைத்தன. இரும்புக்காலத்து ஆட்களைப் புதைத்த இடம் அது. அவ்வளவு மெல்லிசாகத் தங்கத்தைத் தட்டத் தெரிந்த ஒருவன் அன்றைக்கு இருந்திருக்கிறான். அடுத்து சிலப்பதிகாரம். அதில் வருகிற பொற்கொல்லன் ஒரு திருடன், பொய்யன். அவன் ஒருத்தன் செய்த பாவத்துக்காக, கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லர்களைக் கண்ணகிக்குப் பலி கொடுத்தான் என்கிறது அந்த நூலின் உரைபெறு கட்டுரை. கொற்கை எங்கே இருக்கிறது? அதே தாமிரபரணி கடலில் சேரும் பக்கம். அது நடந்ததோ இல்லையோ, கோவலனுக்காக அழுத அளவுக்கு அந்த ஆயிரம் பேருக்காக யாரும் அழவில்லை. தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான் என்று பழமொழி வேறு. ஒரு தொழிலையே திருட்டுத் தொழிலாகப் பார்த்துப் பழகிவிட்டால், அவனுக்கு என்ன கூலி கிடைக்கிறது என்று கேட்க மனசு வராது.

சரி, பழைய கதை போதும். கணக்குக்கு வருவோம்.

ஒரு சவரன், அதாவது 8 கிராம் செயின். கணக்கு சுலபமாக இருக்க, கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தங்கத்தின் விலை 80,000. சேதாரம் 12 சதவீதம் என்று பில்லில் போட்டால் 9,600. மொத்தம் 89,600. அதற்கு 3 சதவீத ஜி.எஸ்.டி. 2,688. ஆக 92,288 ரூபாய். இதே செயின், இதே வேலை, ஆனால் தங்கம் கிராம் 5,000 ரூபாயாக இருந்தால்? சேதாரம் 4,800தான். தங்கம் விலை ஏறினால் ஆசாரியின் சுத்தியல் கூடுதலாக நாலு தட்டுத் தட்டுமா?

கடைக்காரரிடம் இதற்குப் பதில் இருக்கிறது. "சேதாரம் என்பது வேலையின்போது வீணாகும் தங்கம், தங்கம் விலை ஏறினால் அதன் மதிப்பும் ஏறத்தானே செய்யும்?" கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் 8 கிராமில் 12 சதவீதம் என்றால் 0.96 கிராம். கிட்டத்தட்ட ஒரு கிராம் தங்கம் ஒரு செயின் செய்யும்போது காற்றில் கரைந்துவிட்டது என்று நம்ப வேண்டும். அரம் தேய்க்கும்போது விழும் தூள் எங்கே போகிறது? ஒரு பட்டறையில் ஒரே ஒரு நாள் உட்கார்ந்தவனுக்குப் பதில் தெரியும். தூள் விழும் இடத்தில் தட்டு இருக்கும். தட்டில் விழாதது தரையில் இருக்கும். தரையைக் கூட்டி அந்த மண்ணையும் விற்பார்கள். பட்டறைத் தெருச் சாக்கடை மண்ணைக்கூட அரித்துத் தங்கம் எடுத்துப் பிழைப்பவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். சாக்கடை வரைக்கும் போய் மீட்கிற பொருள் ஒரு செயினுக்கு ஒரு கிராம் வீணாகிறதாம்! அதுவும் மெஷின் செயினுக்கு!

சேதாரம் என்று வாங்குவது பூராவும் சேதாரம் இல்லை. கடை வாடகை, ஏ.சி., விளம்பரம், சம்பளம், லாபம் எல்லாம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. வியாபாரம் என்றால் லாபம் வேண்டும், அதில் குற்றம் இல்லை. அதை அதன் பெயரிலேயே பில்லில் எழுதலாமே? ஆசாரிக்குப் போன கூலி இவ்வளவு என்று தனியாக ஒரு வரி போடலாமே? போட மாட்டார்கள். அந்த வரி எவ்வளவு சின்னது என்று வாங்குகிறவருக்குத் தெரிந்துவிடும்.

அரசாங்கமும் இந்த விஷயத்தில் சளைத்தது இல்லை. 1963 ஜனவரியில், மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது, தங்கக் கட்டுப்பாடு வந்தது. புது நகை 14 காரட்டுக்கு மேல் செய்யக் கூடாது. ஜனங்களிடம் தங்க மோகத்தைக் குறைப்பது நோக்கம். மோகம் குறைந்ததா என்று எந்த நகைக்கடை வாசலிலும் நின்று பார்த்துக்கொள்ளலாம். வேலை போனது பொற்கொல்லர்களுக்கு. தற்கொலைச் செய்திகள் வந்தன. பிறகு 1968-ல் தனிச் சட்டம், அது ரத்தானது 1990-ல். கடத்தல்காரன் அதற்குள் பங்களா கட்டிவிட்டான்.

அடுத்து ஹால்மார்க். 2021 ஜூன் 16 முதல் படிப்படியாகக் கட்டாயம் ஆனது. 2023 ஏப்ரல் 1 முதல் நகையில் ஆறு எழுத்து எண் அடையாளம் இருக்க வேண்டும். நல்ல சட்டம், வாங்குகிறவருக்குப் பாதுகாப்பு. அந்த ஆறு எழுத்தை வைத்துத் தேடினால் தரம் தெரியும், விற்ற கடை தெரியும், சோதித்த மையம் தெரியும். செய்தவர் பெயர்? அதற்கு ஓர் எழுத்துகூட ஒதுக்கவில்லை. புடவைக்குக்கூட நெய்தவர் படம் போட்டு விற்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகப் பெட்டியில் வைத்துக் காக்கிற நகைக்கு அப்பன் பெயர் இல்லை.

திட்டங்கள் இருக்கின்றனவே என்பார்கள். 2023 செப்டம்பர் 17-ல் மத்திய அரசு பி.எம். விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. 18 தொழில்கள், அதில் பொற்கொல்லரும் உண்டு. பயிற்சி நாளுக்கு 500 ரூபாய், கருவி வாங்க 15,000 ரூபாய். குடும்பத் தொழில் என்பதோடு அதை முடிச்சுப் போட்டிருப்பதால் தமிழ்நாடு அதை அப்படியே ஏற்க மறுத்து, 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டம் என்று சாதி, குலம் பார்க்காத ஒன்றைக் கொண்டுவந்தது. மறுத்தது சரியான காரியம். ஆசாரி மகன் ஆசாரியாகத்தான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லக் கூடாது. ஆனால் இந்தப் புதுத் திட்டத்தில் சேர 35 வயது ஆகியிருக்க வேண்டும். படிக்கிற பையனைப் பட்டறைக்குள் தள்ளிவிடக் கூடாது என்ற நல்லெண்ணம் அதில் தெரிகிறது. சரி, இருபது வயசில், எந்தக் குலத்திலும் பிறந்த ஒரு பெண் பிள்ளை, யாரும் தள்ளாமல் தானாகவே, "இந்த வேலையைக் கத்துக்கணும்" என்று வந்தால் எந்த மணையில் உட்காருவாள்? குடும்பத்தில் இருந்தால் அப்பாவிடம் கற்கலாம். குடும்பத்தில் இல்லாவிட்டால் உபுத்துக்கு டிக்கெட் போட வேண்டியதுதான். :-)

சுற்றுலாப் பட்டறையின் நிஜமான மதிப்பு இங்கேதான். அது காசு கொடுத்தவன் எவனுக்கும் மணை போடுகிறது. சாதி கேட்பதில்லை, ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. தாத்தா என்ன தொழில் என்றும் விசாரிப்பதில்லை.

"அரை நாளில் தொழில் வந்துருமா?" என்று கேட்பார்கள். வராது. வரவே வராது. வெள்ளிக் கம்பியைக் காய்ச்சி, வளைத்து, முனை இரண்டும் சேருகிற மாதிரி அராவி, வெங்காரம் தடவி, பொடி வைத்து ஊத வேண்டும். வெள்ளி உருகுவது 962 டிகிரியில், பொடி உருகுவது அதற்குக் கீழே. நடுவில் இருக்கிற அந்தச் சின்ன இடைவெளியில் தீயை நிறுத்த வேண்டும். ஒரு கணம் முந்தினால் ஒட்டாது. ஒரு கணம் பிந்தினால் மோதிரமே உருகி உருண்டையாகும். முதல் தடவை யாருக்கும் உருண்டைதான். அந்த உருண்டைதான் பாடம். அதைப் பார்த்தவன் அடுத்த முறை நகைக்கடையில் "செய்கூலியைக் குறைங்க" என்று சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை யோசிப்பான். "இதில் ஆசாரிக்கு எவ்வளவு?" என்று கேட்கவும் கேட்பான்.

"தங்கம் வைத்திருக்கிற இடத்தில் கண்டவனை எப்படி உட்கார வைப்பது?" நியாயமான பயம். அதற்குத்தான் வெள்ளி, செம்பு, பித்தளை எல்லாம் இருக்கின்றன. உபுத்திலும் வெள்ளிதான்.

"தொழில் ரகசியம் வெளியே போய்விடும்." எந்த ரகசியம்? கைப்பக்குவம் ரகசியமாக வைத்துக் காப்பாற்றப்பட்ட லட்சணம் தெரிகிறதே. பாம்படத்தின் ரகசியத்தை அவ்வளவு பத்திரமாகக் காத்தார்கள், இப்போது சொல்லிக்கொடுக்கவே ஆள் தேட வேண்டியிருக்கிறது.

"கலையை வேடிக்கைப் பொருளாக்குவதா?" இந்தக் கேள்வியில் மட்டும் விஷயம் இருக்கிறது. எல்லாவற்றையும் முன்கூட்டியே வெட்டி வைத்துவிட்டு, வந்தவன் கையில் சுத்தியலைக் கொடுத்துப் படம் எடுத்து அனுப்புகிற வகுப்புகளும் உண்டு. மேசையில் வேலை செய்கிறவர் தினக்கூலி, காசு வாங்குகிறவர் ஓட்டல் முதலாளி. அது பட்டறை இல்லை, நாடகம். அதை இங்கே இறக்குமதி செய்ய வேண்டாம். ஆசாரியே வாத்தியார், ஆசாரி கையிலேயே கட்டணம், பதித்த முத்திரை ஆசாரியுடையது. இந்த மூன்றும் இல்லாவிட்டால் அந்தக் கடையை இழுத்து மூடலாம்.

மறுபடி ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆறு பேர், ஆளுக்கு 1,500 ரூபாய் என்று வைத்தால் 9,000. வெள்ளி, கேஸ், தேய்மானம் என்று 3,000 கழித்தாலும் கையில் 6,000. மாசத்தில் நாலு ஞாயிறு என்றால் 24,000. பெரிய ஆர்டரை எதிர்பார்த்து, கடைக்காரர் சொன்ன கூலிக்குத் தலையாட்டுகிற ஆசாரிக்கு, "இந்தக் கூலிக்கு முடியாது" என்று சொல்ல இந்த 24,000 தைரியம் கொடுக்கும். பேரம் பேசும் பலம் என்று வணிகவியல் பாடத்தில் பக்கம் பக்கமாகப் படிக்கிறது இதைத்தான்.

உவரி அந்தோணியார் கோயிலுக்கும் சுயம்புலிங்கசுவாமிக்கும் ஆயிரக்கணக்கில் ஜனம் வருகிறது. கன்னியாகுமரிக்கு நாடே வருகிறது. சூரிய உதயம் பார்த்துவிட்டு, சங்கு மாலை வாங்கிக்கொண்டு, திரும்பிப் போகிறார்கள். நடுவழியில் வடசேரி இருக்கிறது. நிறுத்தச் சொல்ல ஒரு பலகை போதும், உள்ளே ஆறு மணை போதும். அரசு கோடி ரூபாயில் கட்டடம் கட்டி ரிப்பன் வெட்ட வேண்டியதில்லை. சுற்றுலாத் துறை தன் வரைபடத்தில் பட்டறைகளுக்கு ஒரு புள்ளி வைக்கட்டும். கல்லூரிகள் தொழிற்சாலைச் சுற்றுலா என்று கூட்டிப் போகும் பஸ்ஸை ஒரு தடவை அந்தத் தெருவில் நிறுத்தட்டும்.

பாலிக்குப் போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும், மோதிரமும் செய்யட்டும். போவதற்கு முன்னால், வீட்டுப் பெட்டியில் கிடக்கிற நகையை எடுத்து, "இதைச் செய்தது யாரு பாட்டி?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போகட்டும். பதில் சொல்லத் தெரிந்த பாட்டிகள் இன்னும் சில பேர் இருக்கிறார்கள். அவர் சொல்கிற அந்தக் கை இன்னும் வேலை செய்துகொண்டிருந்தால், முதல் பாடத்தின் காசு அந்தக் கைக்குப் போவதுதான் நியாயம்.