காலைக் கூடுகையில் ஒலிக்கும் 'நாங்கள்'

பொதுப்பணத்தில் இயங்கும் பள்ளியில் குழந்தைகள் காலைதோறும் வழிபாட்டுப் பாடல் பாட வேண்டுமா என்னும் வினா, பெங்களூரில் வாழும் நடுவணரசு ஊழியர் குடும்பங்களுக்கு ஏட்டளவிலான வினா அன்று. மல்லேசுவரம், ஹெப்பாள், இந்திய அறிவியல் கழக வளாகம் என இந்நகரின் பல பகுதிகளில் கேந்திரிய வித்தியாலயங்கள் உள்ளன. அத்தகைய குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவள் நான், கிறித்தவள், பள்ளிச் சேர்க்கைக்குக் காத்திருக்கும் ஐந்து வயதுப் பெண்குழந்தையின் தாய். மொழியியல் பயின்றவள் என்பதால், இதனைச் சட்டத்தின் வழியாக மட்டுமன்றி மொழியின் வழியாகவும் நோக்க விழைகிறேன். பதிவு சற்று நீளும், பொறுத்தருள்க.

கேந்திரிய வித்தியாலயங்களின் காலைக் கூடுகையில் பிரகதாரண்யக உபநிடதத்தின் புகழ்பெற்ற மந்திரம் ஒன்றும், இறைவனை விளிக்கும் இந்திப் பாடல் ஒன்றும் இடம்பெறுகின்றன. முழுவதும் அரசு நிதியில் இயங்கும் கல்வி நிறுவனத்தில் சமயப் போதனை கூடாது என்கிறது அரசமைப்பின் 28(1)ஆம் உறுப்பு. இப்பாடல்கள் அத்தகைய போதனையே என்று கூறி வழக்கறிஞர் ஒருவர் 2017இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 2019 சனவரியில் நீதிபதிகள் ரோஹின்டன் நாரிமன், வினீத் சரண் ஆகியோரின் அமர்வு, இதனைப் பெரிய அமர்வொன்று ஆராய்வதே தகும் எனக் கருதி, வழக்கைத் தலைமை நீதிபதியின் பார்வைக்கு அனுப்பியது. அப்போது அரசுத் தரப்பு முன்வைத்த வாதம் கவனத்திற்குரியது: மந்திரத்தின் பொருள் உலகப் பொதுவானது, உச்ச நீதிமன்றத்தின் இலச்சினையிலேயே மகாபாரதத் தொடர் பொறிக்கப்பட்டுள்ளதே, அதனால் அது சமயச் சின்னமாகிவிடுமா?

கூர்மையான வாதம்தான். ஆயினும் அது பொறிப்பையும் கூற்றையும் ஒன்றாக்கிவிடுகிறது. இலச்சினையிலுள்ள தொடரைப் பார்ப்பவர் அதனைப் படிக்கிறார். அதனைத் தம் கூற்றாக யாரிடமும் மொழிவதில்லை. வேண்டுதலோ அவ்வாறன்று. சொல்வதே செயலாகும் கூற்றுகள் உண்டு என்பதை ஜே. எல். ஆஸ்டின் விளக்கினார். வாக்குறுதி, மன்னிப்பு, நன்றி ஆகியவற்றைப் போல வேண்டுதலும் அவ்வகையினது. 'வாக்களிக்கிறேன்' என்று வாய்விட்டுச் சொல்வது வாக்குறுதி பற்றிய தகவலன்று, அது வாக்குறுதியேயாகும். மேற்சொன்ன மந்திரத்தின் வினைமுற்று, ஏவலாக அமைந்த பிறவினை. செயப்படுபொருளோ தன்மை ஒருமை. அதாவது, சொல்லும் குழந்தை தன்னையே குறித்துத் தனக்காக ஒன்றை வேண்டுகிறது. உபநிடதத்திலும் அது வேள்வி செய்வோன் ஓதவேண்டியதாகவே வருகிறது. அதன் பொருளோடு எனக்குப் பிணக்கில்லை. பொய்யிலிருந்து மெய்க்குச் செல்ல விரும்பாதவர் யார்? ஆனால் ஒரு வாக்கியத்தின் பொருளை ஏற்பது வேறு; அதனை வேண்டுதலாக மொழிவது வேறு.

இந்திப் பாடலில் தன்மை ஒருமை பன்மையாகிறது. இங்கே தமிழின் நுட்பம் ஒன்று கைகொடுக்கிறது. கேட்போரை உளப்படுத்தும் 'நாம்', உளப்படுத்தாத 'நாங்கள்' என்னும் வேறுபாடு இந்தியிலோ, ஆங்கிலத்திலோ, இன்றைய கன்னடத்திலோ இல்லை. கன்னடத்தின் 'நாவு' இரண்டுக்கும் பொது. இறைவனை விளிக்கையில் தமிழர் எச்சமயத்தவராயினும் 'எங்களைக் காத்தருளும்' என்றே வேண்டுகிறோம். 'நம்மைக் காத்தருளும்' என்பதில்லை. கேட்போன் இறைவன், வேண்டுவோர் 'நாங்கள்'. ஆகவே வேண்டுதல் ஒவ்வொன்றும் வேண்டுவோரைச் சுற்றி ஒரு வட்டம் வரைகிறது. கூடுகையில் நிற்கும் ஆயிரம் பிள்ளைகளையும் அவ்வட்டத்துள் நிறுத்துவது அவர்தம் விருப்பமா, பள்ளியின் கால அட்டவணையா என்பதே வினா.

விருப்பமில்லாதவர் வாய்திறவாது நிற்கலாமே என்பர். அவ்வுரிமையை நமக்கு ஈட்டித் தந்தவர்கள் கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகள் மூவர். யெகோவாவின் சாட்சிகள் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த அவர்கள், நாட்டுப்பண் பாடப்படுகையில் எழுந்து நின்றனர், பாடவில்லை. 1985 சூலையில் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். பிஜோ இம்மானுவேல் வழக்கில் 1986 ஆகஸ்டு 11 அன்று நீதிபதி சின்னப்ப ரெட்டி வழங்கிய தீர்ப்பு, அவர்களை மீண்டும் பள்ளியில் சேர்க்கப் பணித்தது. அத்தீர்ப்பு ஒரு கேடயம். ஆனால் ஆறு வயதுக் குழந்தை ஒவ்வொரு காலையும் தோழியரிடையே கேடயம் ஏந்தி நிற்கவேண்டும் என்பது எவ்வகை நீதி? நியூயார்க் மாநிலக் கல்வி ஆட்சிக்குழு, எச்சமயத்துக்கும் பொதுவானதெனக் கருதி இருபத்திரண்டு ஆங்கிலச் சொற்களில் ஒரு செபம் இயற்றியது; விரும்பாத மாணவர் விலகியிருக்கவும் இடமளித்தது. ஆயினும் 1962இல் ஏங்கல் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. செபம் இயற்றுவது அரசின் வேலையன்று என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இவ்வளவும் கூறிவிட்டு எம்மவர் நிறுவனங்களைப் பற்றி வாய்மூடியிருப்பது அறமாகாது. 2022 ஏப்ரலில் பெங்களூரின் கிளாரன்ஸ் உயர்நிலைப் பள்ளி செய்தியானது. தம் பிள்ளை விவிலிய வகுப்பில் பங்குகொள்வதற்கும் விவிலியம் கொண்டுவருவதற்கும் மறுப்புக் கூறமாட்டோம் எனப் பெற்றோர் உறுதியளிக்கும் வாசகம் சேர்க்கைப் படிவத்தில் உள்ளதென இந்து ஜனஜாக்ருதி சமிதி எதிர்ப்புத் தெரிவித்தது. சிறுபான்மையினர் நடத்தும் தனியார் பள்ளிக்கு 30ஆம் உறுப்பின் காப்பு உண்டு. 28(1) அதற்குப் பொருந்தாது. ஆயினும் அரசின் ஏற்பிசைவு பெற்ற பள்ளியில் பெற்றோர் இசைவின்றிச் சிறாரை வழிபாட்டில் ஈடுபடுத்தலாகாது என்னும் 28(3) பொருந்தும். சேர்க்கைக்கான இடம் அரிதாகவுள்ள நகரில், சேர்க்கை மேசையில் பெறப்படும் கையொப்பத்தை முழுமையான இசைவென என் மனம் ஏற்கவில்லை. எவரது எதிர்ப்பு, அவரது உள்நோக்கம் யாது என்பது வேறு வினா. அப்படிவத்தில் ஓர் இந்துத் தாயோ இசுலாமியத் தந்தையோ தயங்கியிருப்பின், அத்தயக்கம் என் தயக்கமே. விவிலிய மொழிபெயர்ப்பில் பீட்டர் பெர்சிவலுக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர், சைவப் பிள்ளைகளுக்கென 1848இல் வண்ணார்பண்ணையில் தனிப்பள்ளி கண்டதற்கும் இத்தயக்கமே வித்து.

அவ்வாறெனில் பள்ளியிலிருந்து சமயத்தையே துடைத்தெறியலாமா? வேண்டா. தமிழ் வகுப்பில் தேவாரம், தேம்பாவணி, சீறாப்புராணம் மூன்றையும் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் பயில்கின்றனர். அங்கே சம்பந்தரின் கூற்று சம்பந்தரின் கூற்றாகவே நிற்கிறது. மாணவி அதனைப் பொருளுணர்ந்து, சுவைத்து, ஆராய்கிறாள். சமயங்களைப் பற்றிக் கற்பிப்பதும் சமயத்தைப் போதிப்பதும் ஒன்றல்ல என்பதை அருணா ராய் வழக்கின் 2002ஆம் ஆண்டுத் தீர்ப்பும் ஏற்றது. அந்த மந்திரத்தையும் அவ்வாறே வகுப்பறைக்குக் கொண்டுவருக. என் மகள் அதன் இலக்கணத்தையும் அழகையும் கற்கட்டும்.

காலைக் கூடுகைக்கு வேறு சொற்கள் இல்லாமலில்லை. பள்ளிகளில் அரசமைப்பின் முகப்புரையை வாசிக்கவேண்டுமெனக் கருநாடக அமைச்சரவை 2023 சூனில் முடிவெடுத்தது. அம்முகப்புரையின் தமிழ் வடிவம் 'நாம்' என்கிறது. கேட்போரையும் உளப்படுத்தும் 'நாம்'. அதன்பின் ஒரு நிமிட அமைதி போதும். வேண்ட விரும்பும் குழந்தை அந்நிமிடத்தில் தன் இறைவனை வேண்டட்டும். விரும்பாதது சன்னலுக்கு வெளியே பார்க்கட்டும்.

வடமொழி மந்திரத்தைச் செவியுற்றால் என் மகளின் விசுவாசம் குலைந்துவிடும் என நான் அஞ்சவில்லை. செபிக்கும்போது அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொள் என்று போதித்தவரைப் பின்பற்றுபவள் நான். வேண்டுதல் என்பது மணியடித்ததும் வரிசையில் நின்று, பொருளறியாது, ஆணைக்குப் பணிந்து ஒப்புவிப்பது என்று அவள் பழகிவிடுவாளோ என்பதே என் அச்சம். அப்பழக்கம் படிந்தபின், எந்த மொழியில், எந்த இறைவனை அவள் விளித்தாலும் அது வெறும் ஒப்புவித்தலாகவே எஞ்சும். கேந்திரிய வித்தியாலயத்தின் கூடுகைக்கும் எங்கள் திருச்சபைப் பள்ளிகளின் கூடுகைக்கும் இது பொருந்தும். மாற்றுக் கருத்துடைய நண்பர்கள், குறிப்பாகச் சட்டம் பயில்வோர், எழுதுக.