வெற்றிடமும் வெறும் இடமும்

சென்னையில் நடந்த ஒரு புகைப்படக் கண்காட்சிக்கு நண்பர் ஒருவர் என்னைக் கட்டாயப்படுத்தி அழைத்துக்கொண்டு போனார். காரணம் இருந்தது. அங்கே மாட்டியிருந்த படங்களில் ஒன்று அவர் எடுத்தது. அதை எடுத்தபோது நானும் அவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

படத்தின் ஒரு மூலையில் தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயம் சின்னதாக நிற்கிறது. மற்றதெல்லாம் மணல், மணலுக்கு மேலே நிறமே இல்லாத வானம். கீழே ‘சூன்யம்’ என்று பெயர். பக்கத்தில் ஓர் அட்டையில், சீன ஓவிய மரபின் வெற்றிடக் கொள்கையைப் புகைப்படத்தில் கையாண்டிருப்பதாக நாலு வரி விளக்கம். பார்க்க வந்தவர்கள் அதன் முன்னால் வாயடைத்து நின்றார்கள். “என்ன மௌனம்!” என்றார் ஒரு பெரியவர்.

எனக்கு மட்டும் அந்த மௌனம் கேட்கவில்லை. ஒரு கிழவியின் இருமல்தான் கேட்டது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அன்று விடியற்காலையில் நண்பர் தேவாலயத்துக்கு எதிரே முக்காலியை நிறுத்திக் காமிராவைப் பொருத்தினார். அந்த நேரம் பார்த்து ஒரு மூதாட்டி இடுப்பில் குடத்தோடு குறுக்கே வந்தாள். தனுஷ்கோடி மணலில் கையால் பள்ளம் தோண்டினால், இரண்டு பக்கமும் உப்புக் கடல் இருக்க, நடுவிலே குடிக்கத் தகுந்த தண்ணீர் ஊறும். அந்த ஊற்றில் சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தை நிரப்பிக்கொண்டு வருகிறாள்.

“ஆத்தா, படத்துக்குள்ள வர்றீங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றார் நண்பர்.

“எங்கிட்டுப்பா நிக்க?”

“அந்தச் சுவருக்குப் பின்னால.”

அவள் போய்ச் சுவருக்குப் பின்னால் நின்றாள். குடத்தைக் கீழே வைக்கவில்லை. நண்பருக்கு வெளிச்சம் பிடிபடப் பத்து நிமிஷம் ஆயிற்று. அந்தப் பத்து நிமிஷமும் சுவருக்குப் பின்னாலிருந்து இருமல் வந்துகொண்டிருந்தது. எல்லாம் முடிந்து வெளியே வந்தவள் கேட்டாள்: “ஆச்சா தம்பி? நான் இல்லாம நல்லா வந்திருக்கா?”

குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். “ரொம்ப நல்லா வந்திருக்கு ஆத்தா” என்றார் நண்பர், அவரும் உண்மையாகவே.

தூரத்தில் பத்துப் பேர் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலை நம்பி வலை போட்டவர்களைச் சுவருக்குப் பின்னால் போகச் சொல்ல முடியாது. அவர்களை நண்பர் வீட்டுக்கு வந்து கணினியில் அழித்துவிட்டார். இப்படிப் பிறந்ததுதான் ‘சூன்யம்’.

இது ஒரு நண்பரின் தனிப்பட்ட விவகாரமாக இருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். 2017-ல் அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை வந்த பிறகு, காரில் போய் இறங்கி ஆளில்லாத தனுஷ்கோடியை எடுத்துக்கொண்டு வருவது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. அதே சுவர், அதே மணல், அதே வானம். தலைப்பு மட்டும் மாறும்: ‘தனிமை’, ‘நித்தியம்’, ‘பேய் நகரம்’. யாராவது, “மனிதர்கள் எங்கே?” என்று கேட்டால் சீனாவைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள். அந்தச் சாட்சியைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்து பார்க்கலாம் என்பதுதான் என் எண்ணம்.

சீன ஓவியத்தைக் கரைத்துக் குடித்தவன் அல்ல நான். ஆனால் ஓர் அட்டையிலுள்ள நாலு வரியை நம்பிப் பேசாமல் கொஞ்சம் தேடிப் படித்தேன். மா யுவான் என்று ஓர் ஓவியர். 12-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தென் ஸோங் அரசவையில் இருந்தவர். சரக்கையெல்லாம் ஒரு மூலையில் வைத்துவிட்டு மீதி இடத்தைச் சும்மா விட்டுவிடுவார் என்பதால் அவருக்கு ‘ஒரு மூலை மா’ என்றே பட்டப்பெயர். வெற்றிடம் என்று பேசுகிறவர்கள் எல்லாரும் கடைசியில் இவரிடம்தான் வந்து நிற்கிறார்கள்.

அவர் தீட்டியதாகக் கருதப்படும் ஒரு சித்திரம் டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குளிர்கால ஏரியில் தனியே மீன் பிடிக்கும் ஒருவனின் சித்திரம். பட்டுத் துணியில் ஒரு சின்னப் படகு, அதைச் சுற்றி நாலைந்து அலைக் கோடுகள், அவ்வளவுதான். கரை இல்லை, மலை இல்லை, மரம் இல்லை. மை படாத பட்டு பரந்து கிடக்கிறது. ஆனால் பார்க்கிறவனுக்கு அது துணியாகத் தெரிவதில்லை. தண்ணீராகத் தெரிகிறது, குளிராகத் தெரிகிறது, மறுகரை எங்கே இருக்குமோ என்ற பயமாகக்கூடத் தெரிகிறது. எதனால்? அந்தப் படகில் ஒருவன் குனிந்து உட்கார்ந்திருப்பதனால். இத்தனை இடத்தை எழுதாமல் விட்ட அந்த ஓவியர், அவன் கையிலுள்ள தூண்டிற்கோலில் நூல் சுற்றும் சின்னஞ்சிறு உருளையை மட்டும் விடாமல் எழுதியிருக்கிறார். தூண்டில் உருளைக்கு உலகில் கிடைத்திருக்கும் மிகப் பழைய சித்திரச் சான்றுகளில் அதுவும் ஒன்று என்கிறார்கள். ஏரியை விட்டுவிடலாம், வானத்தை விட்டுவிடலாம், அவன் பிழைப்புக்கான கருவியை விடக்கூடாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

அந்த மனிதனை விரலால் மறைத்துப் பாருங்கள். மிஞ்சுவது பழுப்பேறிய துணி.

இதற்குச் சீனர்கள் வைத்திருக்கும் சொல் ‘லியூ பாய்’. ‘வெண்மையை விட்டுவைத்தல்’ என்று பொருள். விட்டுவைப்பது வேறு, விரட்டிவிடுவது வேறு. 6-ஆம் நூற்றாண்டில் சியே ஹோ என்பவர் ஓவியத்துக்கு ஆறு விதிகள் சொன்னார். முதல் விதியே படத்தில் உயிர்மூச்சு ஓடவேண்டும் என்பதுதான். மூச்சு ஓடுவதற்காக விட்ட இடம் அந்த வெண்மை. மூச்சு விடுகிறவளைச் சுவருக்குப் பின்னால் நிறுத்திவிட்டு மூச்சுக்கு மட்டும் இடம் விட்டேன் என்றால் என்ன நியாயம்?

இன்னொரு சங்கதியும் உண்டு. 1127-ல் ஸோங் அரசு வட நாடு முழுவதையும் எதிரிகளிடம் பறிகொடுத்தது. தெற்கே ஓடிவந்து ஹாங்சௌ நகரில் ஒதுங்கியது. மா யுவான் எழுதியது அந்த ஒதுங்கிய அரசின் நிழலில் இருந்துகொண்டுதான். மூலையில் மட்டும் மலையும் மரமும் வைத்து மற்ற இடத்தை வெறுமையாக விட்ட அவருடைய படங்களில், இழந்த பாதி நாட்டின் துக்கம் இருக்கிறது என்று பிற்கால விமர்சகர்கள் சிலர் சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரியோ தவறோ, ஒன்று நிச்சயம். அந்த வெண்மையைப் பார்த்து ‘இங்கே என்ன இருந்தது?’ என்று கேட்கும் பழக்கம் அந்த மரபில் இருந்தது. நம்முடைய நண்பர்கள் அதைப் பார்த்து ‘என்ன அழகு!’ என்று மட்டும் சொல்கிறார்கள்.

சீனாவுக்கும் ராமநாதபுரத்துக்கும் என்ன ஒட்டு என்று யாரும் கேட்க வேண்டாம். ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது 13, 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் நிறையக் கிடைத்தன. லோங்சுவான் சூளைகளின் பச்சை மெருகுப் பீங்கானும் அவற்றில் உண்டு. அந்தச் சூளைகளும் ஹாங்சௌவும் இன்று ஒரே மாகாணத்தில்தான் இருக்கின்றன. ஆகவே சீனத்துச் சரக்கு இந்தக் கரைக்குப் புதிதல்ல. வரட்டும், தாராளமாக வரட்டும். பாதி சரக்கை மட்டும் இறக்கிவிட்டு முழுச் சரக்கு என்று விலை பேசுவதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன்.

“இதெல்லாம் எதற்கு? நம்மிடம் சிதம்பர ரகசியம் இல்லையா?” என்று கேட்கும் ஒரு கூட்டமும் நம்மிடையே உண்டு. கண்காட்சியிலும் ஒருவர் கேட்டார். எதை எடுத்தாலும் நம்மிடம் முன்பே இருந்தது என்று சொல்லித் திருப்திப்படும் இந்த வியாதிக்கு மருந்து கிடையாது. இருந்தாலும் அவருக்காக ஒன்று சொல்கிறேன். சிதம்பரத்தில் திரையை விலக்கிக் காட்டும்போது அங்கே வெறும் சுவரைக் காட்டுவதில்லை. பொன் வில்வ மாலை தொங்குகிறது. ஆகாசத்தைக் காட்டுவதற்குக்கூட ஒரு மாலை வேண்டியிருக்கிறது.

இனி புகைப்படத்துக்கு வருவோம். ஓவியரின் வெற்றிடம் மை தொடாத இடம். அவர் அங்கே ஒன்றும் செய்யவில்லை. அதனால் அது வெற்றிடம். காமிராவுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. படச்சுருளில் எடுத்துப் பழகியவர்களுக்கு இது தெரியும்: அச்சில் வெள்ளை வெளேரென்று வருகிற வானம், நெகட்டிவில் கன்னங்கறேலென்று இருக்கும். வெள்ளி மிக அதிகமாகப் படிந்திருப்பது அங்கேதான். இன்றைய டிஜிட்டல் காமிராவிலும் கதை ஏறக்குறைய அதுவே. ஒளி வந்து நிரம்பிய இடம்தான் வெள்ளை. ஆக, ஒன்றுமில்லை என்று நாம் நினைக்கிற இடத்தில்தான் உலகம் மிக அதிகமாக வந்து விழுந்திருக்கிறது. புகைப்படத்தில் வெற்றிடம் என்று ஒன்று தானாக இருக்க முடியாது. அது மணலாக இருக்கும், கடலாக இருக்கும், யாரோ நடந்துபோன இடமாக இருக்கும்.

“ஓவிய மரபைப் புகைப்படத்தில் கொண்டுவந்த சீனர்களே படங்களை வெட்டி ஒட்டவில்லையா?” என்று நண்பர் மடக்கினார். நல்ல கேள்வி. லாங் ஜிங்ஷான் என்பவர் 1892-ல் பிறந்து 1995 வரை வாழ்ந்தவர். பல நெகட்டிவ்களை இருட்டறையில் இணைத்து, ஒரு மலையை இங்கிருந்தும் ஒரு மரத்தை அங்கிருந்தும் எடுத்து, நடுவே பனிமூட்டம் போல வெண்மை விட்டு, மை ஓவியம் போன்ற புகைப்படங்களை 1930-களிலிருந்து செய்தார். அது எனக்குக் குற்றமாகத் தோன்றவில்லை. ஏனென்றால் அவர் தம் மலைகளுக்கிடையே ஆளைக் கொண்டுவந்து சேர்த்தார். புகழ்பெற்ற ஓவியர் ஜாங் டாச்சியன் அங்கி அணிந்து அவருடைய படங்களுக்காக நின்றிருக்கிறார். ஆளில்லாத மலைக்கு ஆள் தேடியவர் அவர். ஆளிருக்கும் கரையிலிருந்து ஆளை அழித்தவர் என் நண்பர். இரண்டு பேர் கையிலும் கத்தரிக்கோல் இருந்தது என்பதற்காக இருவரும் ஒரே தொழில் செய்ததாக ஆகிவிடுமா?

கலைஞனுக்கு எதையும் விட உரிமை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. கதை எழுதுகிறவன் அதை மறுத்தால் அவன் பிழைப்பே போய்விடும். சொல்லாமல் விடுவதில்தான் எங்கள் தொழிலின் பாதி இருக்கிறது. ஆனால் நான் ஒன்றைச் சொல்லாமல் விட்டால், அது என்ன என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாசகனுக்கு அதன் வாசனையாவது எட்ட வேண்டும். தெரியாததை விடுவது சோம்பல். தெரிந்தே மறைத்துவிட்டு, அங்கே யாருமே இல்லை என்று எழுதினால் அதற்குப் பெயர் பொய்.

வேறொரு கரையானால் அந்தப் பொய்யைச் சின்னப் பொய் என்று மன்னித்துவிடலாம். தனுஷ்கோடியில் முடியாது. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயலில் அந்த ஊர் போயிற்று. ஊரை நெருங்கிக்கொண்டிருந்த பாசஞ்சர் ரயிலை, உள்ளே இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு கடல் வாரிக்கொண்டது. பாம்பன் பாலமும் உடைந்தது. பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் அதை 46 நாளில் நிமிர்த்திவிட்டார்கள். ராமேஸ்வரத்துக்கு மறுபடி ரயில் போயிற்று. தனுஷ்கோடிக்குப் போகவில்லை. மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது.

அறிவித்த பிறகும் மீனவர்கள் திரும்பி வந்தார்கள். ஒரு பக்கம் ஆண் கடல், ஒரு பக்கம் பெண் கடல் என்று பெயர் வைத்துப் பழகியவர்கள் வேறெங்கே போவார்கள்? ஓலைக் குடிசை போட்டார்கள், மணலில் ஊற்றுத் தோண்டினார்கள், வலை போட்டார்கள். ஒரு முறை கடல் அந்தக் கரையை வெறுமையாக்கியது. இன்னொரு முறை ஓர் உத்தரவு வெறுமையாக்கியது. மூன்றாம் முறையாகக் காமிராவைத் தூக்கிக்கொண்டு நாம் போய், அழகுக்காக வெறுமையாக்குகிறோம். ‘அங்கே யாரும் இல்லை’ என்று ஆயிரம் படங்கள் சொன்னால், அதைப் பார்க்கிறவர்கள் நம்பிவிடுவார்கள். யாரும் இல்லாத ஊருக்கு எதற்குப் பள்ளிக்கூடம், எதற்குத் தண்ணீர்க் குழாய் என்று ஒருவன் கேட்டால், அவன் கையில் ஆதாரமாக நம் படம் இருக்கும்.

கண்காட்சியிலிருந்து திரும்பும்போது நண்பர் என்னோடு பேசவில்லை. பஸ் நிறுத்தத்தில் மட்டும் கேட்டார்: “அப்படியானால் வெற்றிடமே வேண்டாம் என்கிறாயா?”

“வேண்டும். படத்தில் பத்தில் ஒன்பது பங்கு மணலும் வானமும் இருக்கட்டும். மூலையில் அவள் குடத்தோடு போகட்டும். எறும்பு அளவுக்குத் தெரிந்தாலும் போதும்” என்றேன்.

“அவள்மேல் கண் போய்விடும். மௌனம் கலைந்துவிடும்.”

“கலையட்டுமே. அது அவள் ஊர்” என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது. சுவருக்குப் பின்னால் ஆளே இல்லாத ஒரு படத்தை அவர் இனிமேல் எடுப்பாரோ, அது எனக்குத் தெரியாது. அந்த ஒரு படத்தில் மட்டும் ஆள் இருக்கிறாள். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, எனக்கும் அவருக்கும் தெரியும்.