மோட்டார் வாளில் திருகுக்கு முன் பார்க்கவேண்டியவை

திருப்பூர், பல்லடம், அவிநாசி முதலிய ஊர்களின் பனியன் கம்பெனிகளும் விசைத்தறிகளும் கிராமத்து உழைப்பாளிகளில் பெரும் பகுதியினரை ஈர்த்துக்கொண்டமையால், கோடரி பிடித்து மரம் வெட்டுவோர் அருகிவிட்டனர். வேலையோ குறையவில்லை. உடுமலைப்பேட்டைப் பக்கங்களில் வாடல் நோய் கண்ட தென்னைகளை வெட்டி அகற்றவேண்டியிருக்கிறது. தரிசுகளில் சீமைக் கருவேலம் மண்டுகிறது. சாயப்பட்டறைகளின் கொதிகலன்களுக்கு விறகு வேண்டும். ஆகவே பெட்ரோலில் ஓடும் சங்கிலி வாள் தோட்டக்காரருக்கு இன்றியமையாத கருவியாயிற்று.

இவ்வாளைப் பற்றி அடிக்கடி கூறப்படும் குறை ஒன்று உண்டு. யந்திரம் கிளம்புகிறது, விசையை அழுத்தினால் கீச்சென்று இரைகிறது, மரத்தில் வைத்ததும் நின்றுவிடுகிறது. உடனே திருப்புளியை எடுத்துக் கார்புரேட்டரின் திருகைத் திருப்புவது வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் கைவிடத்தக்கது. திருகு கடைசியில் தொடவேண்டியதேயன்றி முதலில் தொடவேண்டியதன்று.

மேற்கண்ட குறி பெரும்பாலும், காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்த கலவையினால் உண்டாவதாம். கிணற்றில் வைக்கும் டீசல் எஞ்சினுக்கு மசகு எண்ணெய் தனியே அடித்தொட்டியில் நிற்கும். வாளின் எஞ்சினுக்கோ பெட்ரோலில் கலந்த எண்ணெயே மசகு. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறைகிறது, சூடு மிகுகிறது, பிஸ்டன் கீறுண்டு உருளையோடு பிடித்துக்கொள்ளுகிறது. சில ரூபாய் பெறும் ரப்பர்க் குழாயின் பழுதைக் கவனியாமையால் எஞ்சின் முழுவதையும் இழக்க நேரிடும். பாதி அறுத்த தென்னை காற்றில் ஆடும்போது வாள் நின்று சிக்கிக்கொள்ளுமாயின், அடியில் நிற்பவனது உயிருக்கே அபாயமாம்.

ஆராயவேண்டிய வரிசை கடினமானதன்று. முதலாவது, டப்பாவிலுள்ள பெட்ரோல். மாதக்கணக்காக மோட்டார் அறையில் கிடந்ததாயின் அதைப் பயன்படுத்தலாகாது. இரண்டாவது, டாங்கிக்குள் குழாய் நுனியில் தொங்கும் வடிகட்டி. அது அழுக்கேறியிருந்தால் மாற்றவேண்டும். மூன்றாவது, டாங்கியின் காற்றுத் துவாரம். யந்திரத்தை ஆறவிட்டு மூடியை மெல்லத் தளர்த்தும்போது உள்ளே காற்று இழுக்கும் ஓசை கேட்டால், துவாரம் அடைபட்டிருக்கிறது எனக் கொள்க. நான்காவது, குழாயில் வெடிப்பும் கார்புரேட்டரின் ரப்பர்ச் சவ்வில் விறைப்பும். ஐந்தாவது, காற்றுக் கசிவு. விசையை விட்ட பின்னும் வேகம் தணியாமல் இரையுமாயின், கார்புரேட்டருக்கும் உருளைக்கும் இடையிலுள்ள ரப்பரையோ, கிராங்க் தண்டின் சீல்களையோ சந்தேகிக்கவேண்டும். இதனைக் காற்றழுத்தச் சோதனையால் அறியும் பட்டறையில் காட்டுதலே நலம்.

‘திருகைத் திருப்பியதும் ஓடுகிறதே’ என்பர் சிலர். உண்மையே. திருகை வெளிப்புறம் திருப்பப் பெட்ரோல் கூடும், குறி மறையும். கசிவோ மறையாது, நாளடைவில் பெருகும். அன்றியும், காற்று வடிகட்டியில் தூசி அடைந்திருக்கும்போது திருகைச் சரிசெய்து, பின்பு வடிகட்டியைச் சுத்தம் செய்தால், காற்று மிகுந்து கலவை மீண்டும் கெடும். பழுது நீங்கி, வடிகட்டி சுத்தமாகி, எஞ்சின் சூடேறிய பின்னரே திருகு தொடத்தக்கது.

இக்காலத்தில் இக்குறை மிகுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்த 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோல் 2025-ல் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனாலில் பிராணவாயு அடங்கியிருப்பதால், பழைய அளவில் அமைந்த கார்புரேட்டரில் கலவை தானே மெலிகிறது. எத்தனால் ஈரத்தையும் ஈர்க்கும். நீர் மிகுந்தால் அது நீரோடு பிரிந்து அடியில் தங்கும். அவ்வடுக்கில் மசகு எண்ணெய் இராது. வடிகட்டி கிடப்பதோ அங்கேதான்.

எண்ணெயை அள்ளி ஊற்றினால் யந்திரம் பிழைக்கும் என்னும் நம்பிக்கையும் பிழையாம். எண்ணெய் கூடிய அளவு பெட்ரோல் குறையுமாதலால் கலவை மேலும் மெலியும். கம்பெனிப் புத்தகத்தில் 1-க்கு 50 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, 1-க்கு 25 என்றிருந்தால் 40 மில்லி. அதற்கு மேலும் கீழும் வேண்டா.

இவ்விஷயத்தில் கூலிக்கு அறுப்பவனை மட்டும் குறை கூறுதல் நியாயமன்று. பெட்ரோலை வாங்கி வைப்பவரும், பழையதைத் தீர்க்கச் சொல்லுபவரும் பெரும்பாலும் உடைமைக்காரரே. அளவு பார்த்துக் கலந்து, டப்பாவின்மேல் தேதி எழுதி, ஒரு மாதத்திற்குள் தீர்த்துவிடுவதும், வேலை முடிந்ததும் டாங்கியைக் காலி செய்து வைப்பதும் அவர் கடமை. மரம் விழுந்து பாதை அடைபடுங்கால் வாளை நாடவேண்டியவர்கள் கிராம அதிகாரிகளும் ஊராட்சித் தலைவர்களுமே. 2018 நவம்பர் 16-ஆம் தேதி வீசிய கஜா புயலில் டெல்டா ஜில்லாக்களின் தென்னந்தோப்புகள் சாய்ந்து வழிகள் அடைபட்டது நினைவிருக்கலாம். அத்தகைய நாளில் ஓடாத வாள் இருந்தும் இல்லாததே. ஆகவே ஊராட்சியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வாள் இருக்குமாயின், அதனுடன் ஓர் அளவுக் குடுவையும், மாற்று வடிகட்டியும், கலந்த தேதி குறிக்கும் சிறு புத்தகமும் இருக்குமாறு செய்தல் வேண்டும். அதற்காகும் செலவு, ஒருமுறை பிஸ்டன் மாற்றும் செலவை விட மிகக் குறைவேயாம்.