இரண்டு மணிக்குப் பிறகு கண்டி

ஏப்ரல் முற்பாதியில் நண்பகல் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கிறது. கொழும்பில் அதைப் புழுக்கமாகவே உணர்கிறோம். கண்டியில் அதுவே மழைக்கான முன்னேற்பாடு. காலையில் ஹந்தானை மலை பளிச்சென்று தெரியும். நண்பகலுக்குள் கரையோரங்களிலிருந்து உள்ளே வரும் கடற்காற்று மலைச்சரிவில் ஏறிக் கருமேகமாகத் திரளும். பிற்பகலில் இடி. மார்ச், ஏப்ரல் மாத இடைப்பருவத்தின் பாடத்திட்டம் இதுதான்.

வளிமண்டலவியல் திணைக்களமும் "மத்திய மாகாணத்தில் பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை" என்ற பாணியில் சொல்லிவிடுகிறது. தவறில்லை, போதவும் இல்லை. பேராதனையில் குடை பறக்கும் நேரத்தில் திகனையில் புழுதி பறக்கலாம். மேற்கே ஈரவலயம், கிழக்கே மகாவலியோடு இறங்கினால் இடைவலயம். ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு வானங்கள். மே இறுதியில் தென்மேற்குப் பருவக்காற்று வந்ததும் இந்த வேறுபாடு இன்னும் கூடும்.

மழையில் நனைந்தால் துவட்டிக்கொள்ளலாம். மின்னல் அப்படியல்ல. திறந்த தேயிலை மலையில் கொழுந்து பறிப்பவர்தான் அதற்கு முதல் இலக்கு. முதல் இடி கேட்டதுமே வேலையை நிறுத்திக் கட்டடத்துக்குள் போகச் சொல்வது கங்காணியின் தயவாக இருக்கக்கூடாது. அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், வெட்டப்படாது என்ற உறுதியோடு தோட்டத்தின் விதியாகவே இருக்க வேண்டும். பாடசாலை விளையாட்டுப் போட்டிகளையும் காலையிலேயே முடித்துவிடலாம். வானம் நேரம் சொல்லித்தான் வருகிறது. நம் நேரசூசிதான் அதைக் கேட்பதில்லை.