காரின் அடிவயிறு

கார் வைத்திருக்கும் இல்லங்களில் ஞாயிறு காலைதோறும் ஒரு திருமஞ்சனம் நடைபெறுவதை நாம் அறிவோம். வாளியும் துணியுமாகக் குடும்பத் தலைவர் முற்றத்தில் இறங்குவார். பிள்ளைகள் நீர் வார்ப்பார்கள். கண்ணாடியும் கதவும் சில்லுகளும் பளபளக்கும். மேற்புறம் இத்தனை உபசாரம் பெறும் வண்டியின் அடிப்புறத்தை, வாங்கிய நாள் தொட்டு ஒருமுறையேனும் குனிந்து பார்த்தவர்கள் மிகச் சிலரே. தெருவிலே ஏதேனும் ஒன்று அவ்வடிப்புறத்தை உரசும்போதுதான் அப்படியொரு பகுதி இருப்பதே நினைவுக்கு வருகின்றது.

உரசுவதற்கு நமது நாட்டில் வாய்ப்புகளுக்குக் குறைவில்லை. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கற்பாறையின் மேல் அமைந்தது. மழைக்குப் பின் ஒழுங்கைகளில் மண் அரிக்கப்பட, கல்முனைகள் தலை நீட்டும். மலைநாட்டுத் தோட்டப் பாதைகளில் சில்லுத் தடங்கள் இரண்டும் பள்ளமாகி, நடுவே மேடு எழுந்து நிற்கும். நகரங்களிலோ வேகத்தடைகள், ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரத்தில். இவற்றின்மீது இன்று நாம் செலுத்துபவை பெரும்பாலும் தாழ்ந்த யப்பானிய வண்டிகள். டொயோட்டா அக்வா போன்றதொரு காரின் அடிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய 14 சென்ரிமீற்றர். அதுவும் வெறும் வண்டியில். ஐவர் ஏறி, திருவிழாவுக்கான மூட்டை முடிச்சுகளையும் பின்னால் ஏற்றிவிட்டால் வில்கள் அமிழ்ந்து அவ்விடைவெளி இன்னும் சுருங்கும். வேகத்தடையின் மேல் ஏறும் கணத்திலும் பிறேக்கை அழுத்திக்கொண்டிருந்தால் வண்டியின் மூக்கு மேலும் தாழும். ஆதலால் தடைக்கு முன்னரே வேகத்தைக் குறைத்து, ஏறும்போது பிறேக்கை விட்டுவிடுதல் நன்று.

சரி, உரசிவிட்டது. 'கரக்' என்றொரு ஓசை எழுகின்றது. அப்பொழுது பின் ஆசனத்திலிருந்து பெரியவர் ஒருவர், "ஒன்றுமில்லைத் தம்பி, நீ ஓட்டு. நாங்கள் அந்தக் காலத்தில் ஏறாத கல்லா?" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வாடகைக் காராக ஓடிய ஒஸ்ரின் ஏ40 சொமர்செற், 1952க்கும் 1954க்கும் இடையில் உற்பத்தியானது. அதன் உடலுக்குக் கீழே தனியாக ஒரு கனத்த இரும்புச் சட்டகம் உண்டு. கல்லின் அடியை முதலில் வாங்குவது பெரும்பாலும் அதுவே. இக்காலக் கார்கள் பெரும்பாலானவற்றில் அப்படித் தனிச் சட்டகம் இல்லை. மெல்லிய தகட்டையும் பிளாஸ்ரிக் மறைப்பையும் தாண்டினால் நேரே எஞ்சினின் எண்ணெய்த் தொட்டிதான். பெரியவர்களின் வாக்கைத் தட்டலாகாது என்று வகுப்பறையில் சொல்லிவரும் நாமே, இந்த ஒரு விடயத்தில் அதனைத் தட்டும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.

ஓசை பெரிதாயின் சேதமும் பெரிது என்று எண்ணவேண்டா. மறைப்புத் தகடு கல்லில் இழுபட்டால் ஊரே திரும்பிப் பார்க்கும்; ஆனால் கேடு ஒன்றுமிராது. ஒயில் சம்ப் எனப்படும் எண்ணெய்த் தொட்டியிலோ ஒரு மெல்லிய 'டொக்' ஒலியுடன் வெடிப்பு விழக்கூடும். எஞ்சினுள் சுழலும் தண்டு உலோகத்தின் மேல் உலோகமாக உராய்வதில்லை; நடுவே உள்ள எண்ணெய்ப் படலத்தின் மீதே மிதந்து சுழல்கின்றது. எண்ணெய் வடிந்துபோன எஞ்சினை ஓட்டினால் சில நிமிடங்களில் அது இறுகிப் போகும். தொட்டியை மாற்றும் செலவோடு முடியவேண்டியது, எஞ்சினையே மாற்றும் செலவாகிவிடும். பள்ளிக்கட்டணத்துக்கும் கடன் தவணைக்கும் இடையே வண்டி வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது தாங்கக்கூடிய அடியன்று.

எனவே, பாதையோரம் சமதரையில் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். காய்ந்த புல்லின்மேல் நிறுத்தலாகாது. புகைக்குழாயின் வெப்பம் புல்லைப் பற்றவைக்கக்கூடும். ஐந்து நிமிடம் பொறுத்துத் தரையைப் பார்க்கலாம். கருமையான வழுவழுப்பு எஞ்சின் எண்ணெய். பச்சை, செம்மை அல்லது நீல நிறத்தில் நீர்போல ஒழுகுவது றேடியேற்றரின் குளிரூட்டும் திரவம். அதற்கு ஓர் இனிய மணமுண்டு, ஆனால் நஞ்சு. சிறுவர்களையும் வீட்டு நாயையும் அண்டவிடலாகாது. பெற்றோல் மணம் வந்தால் ஆராய்ச்சி வேண்டா. அனைவரையும் இறக்கித் தூரத்தில் நிறுத்துவதே முதல் வேலை, சுருட்டுப் பிடிப்பவரை இன்னும் தூரத்தில். நிறமும் மணமுமற்ற தூய நீர் சொட்டினால் அது பெரும்பாலும் குளிர்சாதனம் விடும் நீர்தான்.

தரை உலர்ந்திருக்கின்றது என்று உடனே மகிழ்ந்துவிடவும் முடியாது. அடியில் உள்ள பிளாஸ்ரிக் மறைப்பு தட்டுப்போல ஒழுக்கைத் தாங்கி வைத்துக்கொள்ளும். துளி தரைக்கு வர நேரமாகும். மேலும், சில ஒழுக்குகள் அமுக்கம் ஏற்பட்டால் மாத்திரமே வெளிப்படும். எண்ணெய் வடிகட்டி நசுங்கியிருந்தால், எஞ்சின் ஓடும்போதே எண்ணெய் பீறிடும். அளவுகோலை இழுத்துப் பார்த்து, எண்ணெய் குறையவில்லையெனக் கண்ட பின், ஒருவர் எஞ்சினை இயக்க இன்னொருவர் வெளியே குனிந்து பார்க்கவேண்டும். முகப்பில் எண்ணெய்க்குரிய சிவப்பு விளக்கு எரிந்தால் அக்கணமே அணைத்துவிட வேண்டும். அவ்விளக்கு எண்ணெயின் அளவைக் காட்டுவதன்று, அதன் அமுக்கத்தைக் காட்டுவது. அடுத்த கராஜ் வரை போய்ப் பார்ப்போம் என்பதற்கு அது இடம் தருவதில்லை. தொட்டி ஒழுகாமல் உள்நோக்கி நசுங்கியிருந்தாலும் ஆபத்துண்டு. எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வாய் தொட்டியின் அடியை ஒட்டியே இருப்பதால், நசுங்கிய தகடு அதனை அடைத்துவிடலாம்.

பிறேக் குழாயும் அடிப்புறமாகத்தான் பின்சில்லுகளுக்குச் செல்கின்றது. எஞ்சின் ஓடும் நிலையில் பிறேக்கை உறுதியாக மிதித்து அரை நிமிடம் அப்படியே வைத்திருங்கள். கால் மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போனால் வண்டியை ஓர் அடியும் நகர்த்தலாகாது. இழுத்துச் செல்லும் வண்டிக்குக் கொடுக்கும் பணத்தைப் பற்றி அப்பொழுது கணக்குப் பார்ப்பவரை நாம் சிக்கனக்காரர் என்று சொல்லமாட்டோம்.

அடியிற் பார்க்க வேண்டுமென்பதால் அடியிற் புகவேண்டுமென்பதில்லை. வண்டியுடன் வரும் ஜக், சில்லு மாற்றுவதற்கென்றே செய்யப்பட்டது. அது ஒன்றையே நம்பி உயர்த்திய வண்டியின் கீழ் உடலையோ தலையையோ நுழைப்பது உயிரோடு விளையாடுவதாகும். ஜக் சரிந்தால் விலக நேரமிராது. கைத்தொலைபேசியின் படப்பிடிப்பை இயக்கி, ஒரு தடியில் கட்டி, ரோச் லைற் வெளிச்சத்தில் உள்ளே நீட்டினால் வேண்டியதெல்லாம் தெரியும். இதனை வீட்டு மாணவர்களிடம் விட்டுவிடலாம். அக்கருவியை அவர்கள் பயனுள்ள காரியத்துக்கு எடுக்கும் அரிய தருணம் அது. தொங்கும் மறைப்பு, புதிய வெண்கீறல், வளைந்த குழாய், சில்லின் உட்புறத்தில் தெறித்த கிறீஸ் ஆகியவற்றைத் தேடச் சொல்லுங்கள். புகைக்குழாய் பிளந்திருந்தால் ஓசை மட்டும் மாறுவதாக எண்ணவேண்டா. மணமற்ற காபனோரொட்சைட்டு வண்டியுள் புகலாம்; கண்ணாடிகளை மூடிக்கொண்டு உறங்கும் குழந்தைகளுக்கு அது எமன்.

கலப்பு வண்டிகளுக்கும் மின்கார்களுக்கும் தனி எச்சரிக்கை உண்டு. செம்மஞ்சள் உறையிட்ட தடித்த கம்பிகள் உயர் அழுத்த மின்சாரம் செல்பவை; கீறலோ கிழிசலோ கண்டாலும் தொடலாகாது. நிசான் லீஃப் போன்றவற்றில் 300 வோல்ற்றைத் தாண்டும் பற்றறி தரைக்கு நேர் மேலேயே கிடக்கின்றது. 2013 ஒக்டோபரில் அமெரிக்காவில், சியாற்றில் நகருக்கு அண்மையில், வீதியில் கிடந்த உலோகத்துண்டு ஒன்று டெஸ்லா காரின் அடிப்புறத்தைத் துளைத்தது. வண்டியே எச்சரிக்க, செலுத்தியவர் ஓரங்கட்டி இறங்கித் தப்பினார். பின்னர் அது தீப்பற்றியது. அடுத்த ஆண்டு அந்நிறுவனம் அடியில் தைத்தேனியம் தகடு பொருத்தத் தொடங்கியது. பற்றறிப் பெட்டி நசுங்கியிருக்கலாம் என ஐயம் எழுந்தால் வண்டியை வீட்டுக்கு ஒட்டினாற்போல் நிறுத்தாமல், அவ்வகைக் கார்களில் பயிற்சி பெற்றவரை அழைக்க வேண்டும்.

பாதையோரச் சோதனையில் குறை ஒன்றும் தென்படாவிடின் மெதுவாகப் புறப்படலாம். ஸ்ரியறிங் ஒரு பக்கம் இழுக்கின்றதா, திருப்பங்களில் 'டக் டக்' என்ற ஒலி எழுகின்றதா என்று கவனித்துக்கொண்டே செல்லுங்கள். வீடு சேர்ந்ததும் சென்ற வாரப் பத்திரிகையை விரித்து, அதன்மேல் வண்டியை இரவு முழுவதும் நிறுத்தி வையுங்கள் (இந்தப் பக்கத்தை வாசித்து முடித்தபின் அதற்குத் தருவதில் எமக்கு ஆட்சேபமில்லை). காலையில் கறை இருக்குமாயின், அதன் நிறமும் அது விழுந்த இடமும் மெக்கானிக்குக்குப் பாதி வேலையை முடித்துக்கொடுக்கும். கறை இல்லாவிட்டாலும் இரண்டொரு நாளில் உயர்த்தி உள்ள கராஜ் ஒன்றில் ஏற்றிக் காட்டுவது தக்கது. யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு முதலிய கரையோர ஊர்களில் உள்ளவர்கள், கீறலில் பூச்சு உரிந்த இடங்களை அப்பொழுதே கழுவித் துடைத்துத் துருத்தடுப்புப் பூச்சு அடிப்பித்துக்கொள்ள வேண்டும். உப்புக்காற்றில் வெறும் தகடு வெகு விரைவில் துருவேறிவிடும்.