பாலைவனத்தில் பாயும் வண்டி, ஏலத்தோட்டத்துக்கு ஆகுமா?

"போடிமெட்டுப் பக்கம் இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம் வைத்திருக்கிறோம். போக வர பழைய ஜீப்தான். அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன், மணல்மேட்டில் தாவிக் குதித்து ஓடும் நான்கு சக்கர வண்டியின் வீடியோவை அனுப்பினான். ஆள் உயரம் எழும்பி விழுந்தும் அது கவிழவில்லை. அதன் சஸ்பென்ஷனில் அப்படி என்ன இருக்கிறது? மலைத் தோட்டத்துக்கு அந்த வண்டி உதவுமா? விலை கட்டாது என்றால், அந்த நீள ஷாக் அப்சார்பரை மட்டும் வாங்கி எங்கள் ஜீப்பைத் தூக்கிக் கட்டலாமா?"
- வாசகர், போடிநாயக்கனூர்.

வாசகர் பார்த்தது 'சைடு பை சைடு' என்ற ரக வண்டி. ஓட்டுபவரும் உடன் வருபவரும் அருகருகே உட்காருவதால் இந்தப் பெயர். இது பந்தயத்துக்காகப் பிறந்தது அல்ல, பண்ணை வேலைக்காகப் பிறந்தது. கவாசாகி நிறுவனம் 1988-ல் அமெரிக்காவில் 'மியூல்' என்ற வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மியூல் என்றால் கோவேறு கழுதை. தீவன மூட்டை, வேலிக் கம்பி, தண்ணீர் கேன் சுமப்பதுதான் அதன் வேலை. ஜான் டீரின் 'கேட்டர்', போலாரிஸின் 'ரேஞ்சர்' ஆகியவை 1990-களில் அதே வேலைக்கு வந்தன.

வேகம் பிறகுதான் சேர்ந்தது. போலாரிஸ் 2007-ல் 'ஆர்.இசட்.ஆர்' வண்டியை அறிமுகம் செய்தது. கனடாவின் கேன்-ஆம் 2016-ல் 154 குதிரைத்திறன் கொண்ட 'மேவரிக் எக்ஸ் 3' வண்டியையும், 2023-ல் 240 குதிரைத்திறன் கொண்ட 'மேவரிக் ஆர்' வண்டியையும் கொண்டுவந்தது. நம் ஊரில் உழவு ஓட்டும் டிராக்டர் பலவும் 50 குதிரைத்திறனுக்குள்தான் இருக்கும். கலிபோர்னியாவின் மணல்மேடுகள், மெக்சிகோவின் பாஹா பாலைவனப் பந்தயம் போன்ற இடங்கள்தான் இவற்றின் களம்.

கட்டை வண்டியும் வில்வண்டியும்

சஸ்பென்ஷன் என்றால் என்ன என்பதை நம் மாட்டு வண்டியை வைத்தே சொல்லிவிடலாம். கட்டை வண்டியில் அச்சின் மேல் நேராகப் பாரம் உட்காரும். சக்கரம் கல்லில் ஏறினால் வண்டியே ஏறும், முதுகெலும்பு வரை அடிக்கும். வில்வண்டியில் நடுவே எஃகுப் பட்டைகள் இருக்கும். சக்கரம் ஏறும்போது பட்டை வளைந்து கொடுக்கும், உட்கார்ந்திருப்பவருக்கு அதிர்ச்சி குறையும்.

பழைய ஜீப்பும் ஒருவகையில் வில்வண்டிதான். பட்டை ஸ்பிரிங் உண்டு. ஆனால் இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் ஒரே அச்சு இணைக்கிறது. ஒரு சக்கரம் பாறையில் ஏறினால் மற்றதும் சாயும். வீடியோவில் பார்த்த வண்டியில் நான்கு சக்கரமும் தனித்தனி. முன் சக்கரம் ஒவ்வொன்றையும் மேலும் கீழுமாக இரண்டு கைகள் பிடித்திருக்கும். பின் சக்கரத்துக்கு, வண்டியின் நடுப்பகுதியில் இருந்து பின்னோக்கிப் போகும் நீளமான கை ஒன்று முக்கியப் பிடிமானம். கை நீளமாக இருந்தால்தான் சக்கரம் அதிகத் தூரம் மேலும் கீழும் போய்வர முடியும். மேவரிக் எக்ஸ் 3 வண்டியின் உயர்ரகத்தில் பின் சக்கரம் 24 அங்குலம், அதாவது இரண்டு அடி ஏறி இறங்கும்.

முன் கைகள் நீண்டால் வண்டியும் அகலமாகும். 2007-ல் வந்த ஆர்.இசட்.ஆர் வண்டியின் அகலம் 50 அங்குலம். 24 அங்குலம் ஏறி இறங்கும் எக்ஸ் 3 வண்டியின் அகலம் 72 அங்குலம், ஆறு அடி. வீடியோவில் பாய்ச்சல் கண்ணில் படும், இந்த அகலம் கண்ணில் படாது.

ஸ்பிரிங் தூக்கும், ஷாக் அப்சார்பர் அடக்கும்

அமுங்கிய ஸ்பிரிங் வாங்கிய விசையை அப்படியே திருப்பித் தள்ளும். அதை மட்டும் நம்பினால் வண்டி பந்துபோல எகிறிக்கொண்டே இருக்கும். எகிறலை அடக்குவது ஷாக் அப்சார்பர். உள்ளே எண்ணெய் இருக்கும், சிறு துளைகள் உள்ள பிஸ்டன் அதற்குள் போய்வரும். எண்ணெய் துளை வழியே நெருக்கிப் போகும்போது அசைவின் விசை வெப்பமாக மாறிவிடும்.

பாலைவனத்தில் மணிக்கணக்கில் குதித்து ஓடும்போது அந்த எண்ணெய் சூடாகி நுரைத்தால் ஷாக் அப்சார்பர் செத்துவிடும். அதனால் பக்கத்தில் தனியாக ஒரு குடுவை வைத்து, நைட்ரஜன் வாயுவின் அழுத்தத்தில் எண்ணெயை நுரைக்காமல் வைத்திருப்பார்கள். நடு ஓட்டத்தில் மென்மையாகவும், அடிமட்டம் தொடும் நேரத்தில் இறுக்கமாகவும் வேலை செய்யும் வகையும் உண்டு. வேகம், திருப்பம், பிரேக் ஆகியவற்றை சென்சார் மூலம் அறிந்து இறுக்கத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் முறையை போலாரிஸ் தன் 2018 மாடலில் கொண்டுவந்தது.

இவ்வளவும் எதற்கு? டயர் தரையை விட்டுப் போகாமல் இருப்பதற்கு. டயர் தரையில் இருந்தால்தான் ஸ்டியரிங்கும் பிரேக்கும் வேலை செய்யும். குதித்து விழும் அதிர்ச்சியைத் தாங்கவும் இது உதவும். ஆனால் வண்டி பக்கவாட்டில் கவிழாமல் இருப்பதற்கு முதல் காரணம் சஸ்பென்ஷன் அல்ல. அகலமும் உயரமும்தான்.

கவிழும் கணக்கு

வைக்கோல் உயரமாக ஏற்றிய வண்டி வாய்க்கால் ஓரத்தில் ஆடுவதை எல்லோரும் பார்த்திருப்போம். அதே வண்டியில் அதே எடைக்கு நெல் மூட்டையைத் தாழ்வாக அடுக்கினால் அவ்வளவு ஆடாது. எடை தாழ்வாகவும் சக்கரங்கள் அகலமாகவும் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

உதாரணத்துக்கு, இரண்டு சக்கரங்களுக்கு இடையே நான்கு அடி இருக்கிறது, எடையின் மையம் தரையில் இருந்து இரண்டரை அடி உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நின்றுகொண்டிருக்கும் அந்த வண்டி சுமார் 39 டிகிரி சரிவு வரை தாங்கும். அதே வண்டியை அரை அடி தூக்கிக் கட்டினால் சுமார் 34 டிகிரியிலேயே சாயும். ஓடும் வண்டியில், திருப்பத்தில், குழியில் ஒரு சக்கரம் இறங்கும் நேரத்தில் இதைவிடக் குறைந்த சரிவே போதும்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. யமஹாவின் 'ரைனோ' என்ற சைடு பை சைடு வண்டி 2003-ல் சந்தைக்கு வந்தது. அதன் 450, 660 மாடல்கள் தொடர்பான விபத்துகளில் 46 பேர் இறந்ததை அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2009-ல் வெளியிட்டது. ஆணையம் ஆராய்ந்த விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வண்டி கவிழ்ந்தவை. அவற்றில் பல, சமதரையில், அதிக வேகம் இல்லாமல் திரும்பும்போது நடந்தவையாகத் தெரிந்தன. பலர் சீட் பெல்ட் போடவில்லை.

அப்போது நிறுவனம் இலவசமாகச் செய்துகொடுத்த திருத்தம் கவனிக்கத்தக்கது. பின் சக்கரங்களில் இடைத்துண்டு வைத்து அகலத்தைக் கூட்டினார்கள். பின்பக்கம் இடது வலது சக்கரங்களை இணைத்து, வண்டி சாயாமல் பிடிக்கும் ஸ்டேபிலைசர் கம்பியைக் கழற்றினார்கள். சாயாமல் பிடிக்கும் கம்பியைக் கழற்றினால் கவிழ்வது எப்படிக் குறையும் என்று தோன்றும். பின்னால் மட்டும் அந்தக் கம்பி இறுக்கமாக இருந்தால், திருப்பத்தில் பின் டயர் முதலில் பிடிப்பை இழக்கும். ஓட்டுபவர் நினைத்ததைவிடச் சட்டென்று வண்டி திரும்பிவிடும். கால் வெளியே போகாமல் தடுக்கும் அரைக் கதவும் இல்லாத வண்டிகளுக்கு மாட்டப்பட்டது. ஒரு கம்பி கூடினாலும் குறைந்தாலும் வண்டியின் குணமே மாறும் என்பதற்கு இது சாட்சி.

தோட்டத்துக்கு உதவுமா?

பாயும் ரகம் உதவாது. ஆர்.இசட்.ஆர் எக்ஸ்.பி 1000 வண்டியின் பின் பெட்டி தாங்குவது 136 கிலோ. மூன்று மூட்டையிலேயே தீர்ந்துவிடும். அதே நிறுவனத்தின் ரேஞ்சர் எக்ஸ்.பி 1000 பெட்டியில் சுமார் 450 கிலோ ஏற்றலாம், 1,100 கிலோவுக்கு மேல் இழுக்கவும் செய்யும். அதன் சக்கரம் இரண்டு அடி குதிக்காது, ஒரு அடிக்குள்தான் ஏறி இறங்கும். சுமைக்கு அதுவே போதும். மேவரிக் ஆர் 2023-ல் வந்தபோது அமெரிக்காவிலேயே 30,000 டாலருக்கு மேல் விற்றது. இரண்டு ஏக்கர் ஏலக்காய் அந்த விலையைத் தாங்காது. ஆறு அடி அகல வண்டி ஏலச்செடிகளுக்கு இடையே நுழையவும் நுழையாது. எந்த ரகமாக இருந்தாலும், பொதுச் சாலையில் ஓட்டப் பதிவு கிடைக்குமா என்பதை ஆர்.டி.ஓ அலுவலகத்தில் கேட்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

ஜீப்பைத் தூக்கிக் கட்டலாமா?

கூடாது. ஜீப்பைத் தூக்கிக் கட்டினால் உயரம் கூடும், அகலம் கூடாது. மேலே சொன்ன கணக்குப்படி கவிழும் ஆபத்துதான் கூடும். உயரம் மாறினால் புரொபெல்லர் ஷாஃப்டின் கோணம் மாறி கிராஸ் ஜாயின்ட் தேயும். பட்டை ஸ்பிரிங் வளைவதற்கு மேல் சக்கரம் ஏறி இறங்காது என்பதால் நீள ஷாக் அப்சார்பரின் பலனும் கிடைக்காது. தயாரித்த நிறுவனம் பதிவில் குறித்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 தடுக்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும்.

காசு செலவழிக்க வேண்டிய இடம் வேறு. ஜீப்பில் பட்டை ஏதும் உடைந்திருக்கிறதா, நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். யு போல்ட் தளர்ந்திருந்தால் முடுக்க வேண்டும், ஷேக்கிள் புஷ் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்தால் அது போய்விட்டது என்று அர்த்தம். வண்டியின் ஒரு மூலையை அழுத்தி விட்டால் ஒருமுறை எழுந்து அடங்க வேண்டும். ஆடிக்கொண்டே இருந்தால் அதே அளவில் புதிதாக, இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்ற வேண்டும்.

இன்னொன்று, செலவே இல்லாதது. மூட்டையைக் கூரை மேல் கட்டாமல் தரைத்தட்டில் அடுக்க வேண்டும். வேலையாட்களைப் பின்னால் தொங்கவிட்டும் மேலே ஏற்றியும் போகக் கூடாது. அது ஜீப்பை அரை அடி தூக்கிக் கட்டுவதற்குச் சமம். வண்டி சாயும்போது கையையோ காலையோ வெளியே ஊன்றித் தாங்கப் பார்ப்பது எல்லோருக்கும் வரும் இயல்பு. அப்படி ஊன்றிய கை, கால்தான் வண்டிக்கு அடியில் சிக்கும். பாலைவன வண்டிக்காரர்கள் இரும்புக் கூண்டுக்குள், பெல்ட் போட்டு, பக்கத்தில் வலை கட்டி உட்காருவது இதற்காகத்தான். அந்த வண்டியிடம் இருந்து நம் ஜீப்புக்கு எடுத்துக்கொள்ள ஒன்று உண்டென்றால், அது சீட் பெல்ட்.