மறுப்பதற்கு முன் படியுங்கள்

“கிறிஸ்தவம் உடலை ஆன்மாவின் சிறை என்றது” என நம் மேடைகளில் முழங்குவோர் உண்டு. கேட்பதற்கு இனிக்கும், உண்மைக்கோ புறம்பானது. சிறை என்ற உவமை கிரேக்கரான பிளேட்டோவுடையது. உடலை இகழ்ந்த துறவிகள் இடைக்காலக் கிறிஸ்தவரிடையே இருந்தனர், மறுக்கவில்லை. ஆயினும் அவர்களின் தலைசிறந்த தத்துவவாதி கூறியது அதுவன்று. எதிர்த்தரப்பினர் கூறாததைக் கூறியதாகச் சொல்லி வெல்வதால் நம் தீனுக்கு என்ன கண்ணியம் சேரும்?

1274இல் மறைந்த தாமஸ் அக்வினாஸ், ஆன்மாவை உடலுக்குள் குடியிருக்கும் விருந்தாளியாகக் கருதவில்லை. உடலை மனித உடலாக்கும் வடிவமே ஆன்மா என்றார். உடலைப் பிரிந்த ஆன்மா அழியாது. ஆனால் அது முழு மனிதனும் ஆகாது. ஆன்மா மட்டும் ஈடேறினால் மனிதன் ஈடேறியதாகாது என்பதே கொரிந்தியர் நிருபத்துக்கான விளக்கவுரையில் அவர் நிலைப்பாடு.

அவர் பயின்ற நூல்களில் இப்னு ஸீனாவும் இப்னு ருஷ்தும் லத்தீன் வடிவில் இருந்தனர் என்பதை நம்மவர் எத்தனை பேர் அறிவர்? சிந்திக்கும் அறிவு மனிதர் அனைவருக்கும் ஒன்றே என்ற இப்னு ருஷ்தின் கருத்தைப் பாரிஸ் ஆசிரியர் சிலர் பற்றிக்கொண்டபோது, 1270இல் அதை மறுத்துத் தனி நூலே எழுதினார். அறிவு பொதுவாயின், மரணத்தின் பின் நற்கூலியும் தண்டனையும் யாருக்கு? இக்கேள்வி நமக்கு அந்நியமானதன்று. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தஹாஃபுத்தில் தத்துவவாதிகளுக்கு எதிராகக் குஃப்ர் தீர்ப்பளித்த மூன்று விஷயங்களுள் ஒன்று, உடல்கள் எழுப்பப்படுவதை மறுத்ததாகும். மறுமையில் உடல் எழும் என்பதில் இமாமும் அக்வினாஸும் ஒரே பக்கத்தில் நிற்கின்றனர்.

அக்வினாஸை மறுக்க வேண்டுமா? அவர் உண்மையில் இடறும் இடத்தில் மறுங்கள். ஆன்மா பிரிந்தபின் பிணத்தின் கண்ணும் சதையும் பெயரளவிலேயே கண்ணும் சதையும் என்றார் அவர். அவர் சபையினரே இதனால் கலங்கினர். 1277இல், அவருடைய டொமினிக்கன் சபையைச் சேர்ந்த பேராயர் கில்வார்ட்பி, இக்கோட்பாட்டோடு தொடர்புடைய கருத்துகளை ஆக்ஸ்ஃபோர்டில் போதிக்கத் தடை விதித்தார்.

நாமோ மய்யித்தை வெதுவெதுப்பான நீரில், மறைவிடம் மறைத்து, மென்மையாகக் குளிப்பாட்டுகிறோம். உயிருள்ளவரின் எலும்புக்குரிய கண்ணியத்தையே மய்யித்தின் எலும்புக்கும் நபி (ஸல்) அவர்கள் வழங்கினார்கள். அந்தச் சதை பெயரளவுச் சதைதானா? அக்வினாஸிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. இதை எந்த மேடையிலும் நான் இதுவரை கேட்டதில்லை.